போர்டு கேம் கடைகளுக்கு இலவச டெமோ பிரதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் எங்களுடையது சின்னக் கடை. நோட்டுப் புத்தகம், பொம்மை, கேரம் போர்டு, செஸ் எல்லாம் விற்கிறோம், அதோடு ஒரு சுவர் முழுக்க போர்டு கேம் பெட்டிகளும் இருக்கின்றன. விளையாட்டை வெளியிடும் நிறுவனங்கள் அதை விற்கும் கடைக்கு ஒரு டெமோ பிரதியை இலவசமாகத் தர வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். வெளியீட்டாளர்கள், கோயம்புத்தூர் மொத்த வியாபாரிகள், ஊட்டி, கோத்தகிரி கடைக்காரர்கள், சில சமயம் வாடிக்கையாளர்கள் என்று எல்லோரும் அதைக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் போனில் விளக்குவதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

டெமோ பிரதி என்றால் என்ன?

விற்பதற்காக இல்லாமல், பிரித்து மேஜையில் வைப்பதற்கென்றே ஒதுக்கிய பெட்டி. கடைக்கு வருகிறவர் காயைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், அட்டையைத் திருப்பிப் பார்க்கலாம், நேரமிருந்தால் உட்கார்ந்து ஒரு சுற்று ஆடலாம். பாடநூல், கைடு போடுகிறவர்கள் பள்ளிக்கூடங்களுக்கு ஸ்பெசிமன் காப்பி கொடுப்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதேதான்.

பெட்டியின் பின்பக்கம் படமும் விளக்கமும் இருக்கிறதே, அது போதாதா?

கேரம், லூடோ, செஸ் என்றால் போதும். சொல்லப்போனால் அதற்குப் படம்கூட வேண்டாம், ஏனென்றால் வாங்குகிறவருக்கு ஆடத் தெரியும். தாயம், பல்லாங்குழி, பரமபதம் எல்லாம் வீட்டில் பாட்டியோ அத்தையோ உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவை, கடைக்காரர் அதில் செய்ய ஒன்றுமில்லை. புதுசாக வந்திருக்கும் விளையாட்டுகளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்க வீட்டில் யாரும் கிடையாது. கட்டான் ஜெர்மனியில் 1995-ல் வந்தது, கார்க்கசோன் 2000-ல், டிக்கெட் டு ரைடு 2004-ல். உலகம் முழுக்க விற்ற ஆட்டங்கள் இவை, ஆனால் எங்கள் கடைக்கு வருகிற பத்துக் குடும்பத்தில் ஒன்றுக்காவது இந்தப் பெயர் தெரிந்திருந்தால் எனக்குச் சந்தோஷம்.

வண்ண ஓடுகளை அடுக்கி ஆடுகிற அஸுல் என்ற ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்குக் கொடுக்கிற விருதை 2018-ல் வாங்கியது, பெட்டியிலும் அந்த முத்திரை இருக்கும், அது இங்கே யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. பெட்டியை எடுப்பார்கள், திருப்புவார்கள், விலையைப் பார்ப்பார்கள், வைத்துவிடுவார்கள். அதே ஆட்டத்தை மேஜையில் பிரித்து வைத்தால் குழந்தை நேராக அந்த வண்ண ஓடுகளில் கை வைக்கும். கனமான, வழவழப்பான ஓடுகள், கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. அப்பா பக்கத்தில் வந்து "இதை எப்படி ஆடறது?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது, மூடிய பெட்டி இருக்கும்வரை அது வரவே வராது.

ஊட்டிக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஸ்நூக்கர் 1875 வாக்கில் ஜபல்பூரில் ராணுவ மெஸ்ஸில் பிறந்தது, அதன் விதிகளை நெவில் சேம்பர்லின் என்ற அதிகாரி 1882-ல் ஊட்டி கிளப்பில்தான் எழுதிவைத்தார். அங்கே வந்து ஆடிப்பார்த்த விருந்தினர்கள் போகிற இடமெல்லாம் கொண்டுபோனார்கள், அப்படித்தான் அது பரவியது. மேஜை திறந்து கிடந்தது, ஆட அழைக்க ஆள் இருந்தது.

சரி, அது கடைக்காரருக்குத்தானே லாபம்? ஒரு பெட்டியை அவரே காசு கொடுத்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாமே?

எல்லோரும் கேட்பது இதுதான், என் வாதம் முழுக்க இந்தப் பதிலில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கணக்குக்கு ஒரு பெட்டியின் எம்ஆர்பி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் அதை 1,400-க்கு வாங்குகிறார், விற்றால் 600 நிற்கும். வெளியீட்டாளர் மொத்த வியாபாரிக்கு 800-க்குக் கொடுக்கிறார், அச்சு, காய், பெட்டி, லாரி வாடகை எல்லாம் சேர்த்து அவருக்கு 350 ஆகிறது, ஆக அவருக்கு ஒரு பெட்டியில் நிற்பது 450. எண்கள் ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் ஏறக்குறைய இந்த வடிவத்தில்தான் இருக்கும்.

இப்போது டெமோவுக்காக நான் ஒரு பெட்டியை வாங்கிப் பிரித்தால் எனக்குச் செலவு 1,400. அதை எடுக்க அந்த ஆட்டத்தில் கூடுதலாக மூன்று பெட்டி விற்றாக வேண்டும். வெளியீட்டாளர் பிரித்தால் அவருக்குச் செலவு 350, கூடுதலாக ஒரே ஒரு பெட்டி விற்றால் வந்துவிடும், மேலே 100 ரூபாய் மிச்சமும் இருக்கும். பெட்டி அதேதான். என் கையில் அதன் விலை நாலு மடங்கு, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு செலவு இரண்டு பேருக்கும் பயன்படுகிறது என்றால், அது யாருக்கு மலிவோ அவர் செய்வதுதான் எல்லோருக்கும் நல்லது.

இதை ஒரு ஆட்டத்தோடு நிறுத்திப் பார்க்காதீர்கள். கடையில் முப்பது தலைப்பு வைத்திருந்தால், முப்பதுக்கும் டெமோ போட 42,000 ரூபாய் நான் முடக்க வேண்டும். மலைமேல் ஒரு சின்னக் கடைக்கு அது சீசன் சரக்குக்கான பணம். அதனால் என்ன நடக்கிறது என்றால், எனக்குப் பிடித்த மூன்று நாலு ஆட்டத்தை மட்டும் பிரித்து வைப்பேன், மற்றதெல்லாம் செல்லோபேன் காகிதத்துக்குள்ளேயே கிடக்கும். பிரித்து வைத்தது விற்கும், மறுபடி அதையே ஆர்டர் போடுவேன். உங்கள் புது ஆட்டம் அந்த மூன்று நாலுக்குள் வருமா என்பது என் ரசனையைப் பொறுத்ததாகிவிடுகிறது. வெளியீட்டாளராக இருந்தால் நான் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் கடையில் ஆடிப் பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்கிக்கொண்டு போனால்?

போகிறார்கள். பெட்டியைப் போட்டோ எடுத்து, என் கண்ணெதிரேயே விலை தேடுகிறவர்களும் உண்டு, அது அவர்கள் காசு, அவர்கள் உரிமை. ஆனால் அந்த விற்பனையில் வெளியீட்டாளர் எதையும் இழக்கவில்லை, கவனியுங்கள். குடும்பம் கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போய் அங்கே வாங்கினாலும், போனில் ஆர்டர் போட்டாலும், விற்றது அவருடைய பெட்டிதான். என் மேஜையில் நடந்த டெமோ எனக்குப் பலன் தருவது இங்கேயே வாங்கினால் மட்டும். அவருக்கு எங்கே வாங்கினாலும் பலன். இதைவிட நேரான காரணம் வேறென்ன வேண்டும், டெமோ செலவு அவர் பக்கம் இருக்க?

இலவசமாகக் கொடுத்தால் கடைக்காரர் அதையும் விற்றுவிட மாட்டாரா?

சிலர் விற்பார்கள், இந்தப் பயம் நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது. பெட்டி மூடியிலும் உள்ளே போர்டிலும் "டெமோ பிரதி, விற்பனைக்கு அல்ல" என்று ஸ்டிக்கராக இல்லாமல் அச்சிலேயே போட்டுவிடுங்கள். பிரித்தே அனுப்புங்கள், காய்களைக் கவரிலிருந்து எடுத்து அடுக்கி வைத்து. அப்படி வந்த பெட்டியை யாரும் முழு விலைக்கு வாங்கப்போவதில்லை.

பிரித்து அனுப்பும்போது எண்ணிப் பார்த்து அனுப்புங்கள், இது முக்கியம். எங்களுக்கு ஒரு தடவை வந்த டெமோவில் ஒரு நிறத்துக் காய்களே இல்லை, வேறெதிலோ குறைந்ததை ஈடுகட்ட எடுத்திருப்பார்கள்போல. கேட்டால் "டெமோதானே சார்" என்று பதில். வாடிக்கையாளர் உங்கள் ஆட்டத்தை முதன்முதலாகப் பார்ப்பதே அந்தப் பெட்டியில்தான். அதில் குறை இருந்தால் அலமாரியில் இருப்பதிலும் குறை இருக்கும் என்றுதானே நினைப்பார்?

வாங்கி வைத்துக்கொண்டு பிரிக்காமலே போட்டுவிட்டால்? இலவசம் என்றால் மதிப்பிருக்காதே?

இதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் 2002-ல் தொடங்கி, பெரும்பாலும் மே மாதம் முதல் சனிக்கிழமை, இலவசக் காமிக்ஸ் நாள் என்று நடத்திவந்தார்கள், வாசகருக்குத்தான் அது இலவசம், கடைக்காரர் அந்தப் பிரதிகளுக்கு ஒரு சின்னத் தொகை கொடுத்துத்தான் வாங்கினார். காசு கொடுத்தவர் கட்டைப் பிரிக்காமல் வைக்க மாட்டார்.

அதனால் கேட்கிற கடைக்கெல்லாம் அள்ளிக்கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆர்டரோடு சேருங்கள், ஐந்து பெட்டி எடுக்கிற கடைக்கு ஒரு டெமோ. ஐந்து பெட்டிக்குப் பணம் போட்டவர் அதை விற்றே ஆக வேண்டும், டெமோவைத் தானாகவே பிரிப்பார். அடுத்த ஆட்டத்துக்கு டெமோ அனுப்பும் முன்னால் முந்தையது மேஜையில் இருக்கிற போட்டோ ஒன்று கேளுங்கள். எனக்கு அதில் வருத்தமே கிடையாது. மேஜை போட இடமே இல்லாத கடைக்குக் கொடுக்காதீர்கள், அது வீண்.

பாதி விலைக்குக் கொடுப்பது? மேலே சொன்ன கணக்கில் எனக்கு 700 ஆகும், அதை எடுக்க இன்னும் இரண்டு பெட்டி விற்க வேண்டும். ஒன்றும் இல்லாததற்கு அது மேல்தான், ஆனால் புதுப் பெயர், புது நிறுவனம் என்றால் அந்த 700-ஐயும் நான் யோசிப்பேன்.

இலவசமாகக் கொடுத்தால் ஜிஎஸ்டியில் சிக்கல் வருமாமே?

கொஞ்சம் வரும், வழியும் இருக்கிறது. இலவச மாதிரியாகக் கொடுத்த பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியை, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2019 மார்ச் 7-ல் ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன்படி, காசு வாங்காமல் கொடுக்கும் மாதிரிப் பொருள் விற்பனைக் கணக்கில் வராது, வரியும் இல்லை, ஆனால் அதன்மேல் கட்டிய வரியை வரவு வைக்க முடியாது. அதே சுற்றறிக்கையில், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதைத் தனி இலவசமாகப் பார்க்காமல், இரண்டு பொருளை ஒரே விலைக்கு விற்றதாகவே எடுத்துக்கொள்கிறார்கள், அதற்கு வரவு உண்டு.

ஆக, டெமோவைத் தனியாக அன்பளிப்பு என்று அனுப்புவதைவிட, ஐந்து பெட்டியோடு ஆறாவதாக ஒரே பில்லில் போடுவது வெளியீட்டாளருக்கே நல்லது. நான் மேலே ஆர்டரோடு சேர்க்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டுச் செய்யுங்கள். போர்டு கேமுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது, அதனால் முன்பைவிடச் சுமை கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

நான் சின்ன வெளியீட்டாளர், மொத்தமே 500 பெட்டிதான் அச்சடித்தேன். எல்லாக் கடைக்கும் எப்படிக் கொடுப்பது?

கொடுக்க வேண்டாம். சொந்தக் காசைப் போட்டு, நண்பர்களை வைத்து ஆடிப்பார்த்து, திருத்தி, சிவகாசியிலோ சென்னையிலோ அச்சடித்துக் கொண்டுவருகிற தமிழ்நாட்டுப் பிள்ளைகள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு, அவர்களை நசுக்குகிற எதையும் நான் கேட்க மாட்டேன்.

உங்களுக்கு ஒத்துவருகிற வழி சுற்றுப் பிரதி. நீலகிரிக்கு ஒன்றே ஒன்று கொடுங்கள். ஒரு மாதம் ஊட்டியில் இருக்கட்டும், அடுத்த மாதம் குன்னூர், அப்புறம் கோத்தகிரி, கூடலூர். எங்களுக்குள் யாராவது ஒருவர் வாரத்தில் ஒரு நாளாவது அந்தப் பக்கம் போய்வந்துகொண்டுதான் இருப்போம், கையில் கொடுத்துவிட்டால் போய்ச் சேர்ந்துவிடும். அச்சில் ஓரம் பிசகிய பெட்டி, மூலை நசுங்கித் திரும்பி வந்த பெட்டி இருக்குமே, அதைத் தூக்கிப் போடாமல் டெமோவாக அனுப்புங்கள். மூலை நசுங்கினாலும் ஆட்டம் அதே ஆட்டம்தான், காய் மட்டும் முழுசாக இருக்க வேண்டும்.

எல்லா ஆட்டத்துக்கும் டெமோ வேண்டுமா?

வேண்டியதில்லை. எக்ஸிட் வரிசை மாதிரி ஒரே தடவை ஆடிவிட்டு, அட்டையை வெட்டி மடித்து முடித்துவிடுகிற புதிர் ஆட்டங்களுக்கு டெமோவே அர்த்தமில்லை. ஒரு சின்ன மாதிரிப் புதிரை ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தால் போதும், அதைக் கிழித்தாலும் பரவாயில்லை. மூன்று மணி நேரம் இழுக்கிற பெரிய ஆட்டத்தையும் கடையில் யாரும் உட்கார்ந்து ஆட மாட்டார்கள். அரை மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடிகிற ஆட்டம், அல்லது பத்து நிமிஷத்தில் ருசி தெரிந்துவிடுகிற ஆட்டம், இவைதான் டெமோவுக்கு ஏற்றவை. ஊட்டியில் ஹோம்மேடு சாக்லேட் கடைக்காரர் ஒரு துண்டை உடைத்துக் கையில் கொடுக்கிற மாதிரிதான்.

எங்கள் ஊரில், ரயில் பாதை போட்டு ஆடுகிற டிக்கெட் டு ரைடுக்குத் தனி ஈர்ப்பு உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறிவந்த பிள்ளைகள் சின்னச் சின்ன ரயில் பெட்டியைக் கண்டால் விடுவதில்லை.

இப்போது எல்லாம் ஆன்லைனில் ஆடிப் பார்க்கலாமே?

பார்க்கலாம். போர்டு கேம் அரீனா தளத்தில் எத்தனையோ ஆட்டங்கள் இருக்கின்றன, விஷயம் தெரிந்தவர்கள் அங்கே ஆடிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் அங்கே போகிறவருக்கு ஆட்டத்தின் பெயராவது தெரிந்திருக்க வேண்டும். பெயரே தெரியாதவருக்கு அறிமுகம் செய்வதுதான் கடையின் வேலை.

வீடியோ கேம்காரர்கள் இதை ரொம்ப நாள் முன்பே புரிந்துகொண்டார்கள். 1993-ல் டூம் வந்தபோது முதல் பாகத்தை யார் வேண்டுமானாலும் நகல் எடுத்து ஆடலாம் என்று விட்டார்கள், பிடித்தவர்கள் மீதியைக் காசு கொடுத்து வாங்கினார்கள். இன்றைக்கு ஸ்டீம் தளத்தில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அவர்களுக்கு ஒரு நகல் போட ஒன்றும் ஆவதில்லை, அட்டைப்பெட்டிக்காரருக்கு 350 ரூபாய் ஆகிறது, அது உண்மைதான். ஆனால் அட்டைப்பெட்டியைப் பிரித்து ஆடியபின் திருப்பித் தரவும் முடியாதே. வாங்குகிறவர் தலையில் முழு ரிஸ்க்கும் விழுகிற பொருள் இது, அதனால் முன்கூட்டியே காட்டுவது இங்கேதான் அதிகம் தேவை.

மலை ஊரில் டெமோ எத்தனை நாள் தாங்கும்?

சமவெளியைவிடக் குறைவாகத்தான். எங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கூடலூர்ப் பக்கம் ஜூனிலிருந்தே தென்மேற்குப் பருவமழை. காற்றிலேயே ஈரம். அட்டைகள் வளையும், போர்டு மடிப்பில் பூஞ்சை பிடிக்கும், பெட்டியைத் திறந்தால் ஒரு வாடை வரும். அட்டைகளுக்கு உறை போட்டு, பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் வைத்து, ராத்திரி மூடி மரப்பீரோவில் வைத்தால் இரண்டு பருவம் ஓட்டலாம். காய் தொலைந்தால் புளியங்கொட்டை, சோழி வைத்துச் சமாளிப்போம், ஆனால் அட்டை தொலைந்தால் ஆட்டம் போச்சு. தனி அட்டைகளை மட்டும் மாற்றித் தருகிற ஏற்பாடு வெளியீட்டாளரிடம் இருந்தால் பெரிய உதவி.

சுற்றுலா வருகிறவர் உட்கார்ந்து ஆடுவாரா என்ன? அவருக்கு நேரம் ஏது?

மழை பெய்தால் நேரம்தான் நேரம். சிம்ஸ் பூங்காவுக்குக் கிளம்பின குடும்பம் பாதி வழியில் மழையில் மாட்டிக்கொண்டால் ஏதாவது ஒரு கடைக்குள் ஒதுங்கத்தான் வேண்டும், பிள்ளைகள் கையில் போன் சிக்னலும் சரியாக இருக்காது. 2024 மே 7-லிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் வந்துவிட்டது, 2025 கோடையில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். கூட்டத்தை நம்பிப் பெட்டியை அடுக்கி வைத்தாலே விற்கும் என்ற நிலை இல்லை, வருகிறவரைக் கொஞ்ச நேரம் உட்காரவைக்க வேண்டியிருக்கிறது.

சுற்றுலாவைவிட எங்களுக்கு நிலையான வாடிக்கையாளர் உள்ளூரில் இருக்கிறார்கள். வெலிங்டனில் ஸ்டாஃப் காலேஜ் படிப்புக்கு வருகிற ராணுவக் குடும்பங்கள் ஏறக்குறைய ஒரு வருஷம் இங்கேயே இருக்கின்றன. ஒரு வீட்டில் ஒரு ஆட்டம் பிடித்துவிட்டால் பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு என்று வந்து கேட்பார்கள், படிப்பு முடிந்து போகிற ஊருக்கும் கொண்டுபோவார்கள். தேயிலைத் தோட்டத்துப் பக்கமிருந்து வருகிற கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் காசு சேர்த்து ஒரு பெட்டி வாங்குவார்கள், அவர்கள் ஆடிப் பார்க்காமல் வாங்கவே மாட்டார்கள், வாங்கவும் கூடாது.

பெட்டி கொடுத்தால் போதுமா, வேறென்ன வேண்டும்?

சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அது எங்கள் பொறுப்பு. இடம், மேஜை, வெளிச்சம், அரை மணி நேரம் நின்று விளக்குகிற பையனின் சம்பளம், எல்லாம் கடையின் செலவு, அதை நான் வெளியீட்டாளரிடம் கேட்கவில்லை. டெமோ இலவசம் என்று கேட்கிறவர்கள் தங்கள் பக்கத்துச் செலவையும் ஏற்கத் தயாராக இருக்க வேண்டும்.

ஆனால் ஒரே பக்கத்தில் தமிழில் விதி எழுதிக் கொடுங்கள். 20 பக்க ஆங்கிலக் கையேட்டை மேஜையில் வைத்தால் எல்லோரும் நழுவிவிடுவார்கள். "உங்கள் முறை வந்தால் இந்த மூன்றில் ஒன்றைச் செய்யலாம், இப்படி ஆனால் ஜெயிப்பீர்கள்" என்று இருந்தால் போதும். கோட்நேம்ஸ் மாதிரி வார்த்தையை வைத்து ஆடுகிற ஆட்டமென்றால் தமிழ் வார்த்தை அட்டை ஒரு கட்டு சேர்த்துக் கொடுங்கள், பாட்டியும் பேரனும் ஒரே அணியில் உட்காருவார்கள்.

உங்கள் பக்கத்துக் கடைகளுக்கு அனுப்புவதென்றால் எப்போது அனுப்ப வேண்டும்?

மார்ச் முடிவதற்குள். ஏப்ரல், மே சீசன் ஆரம்பித்துவிட்டால் புது ஆட்டத்தின் விதியை உட்கார்ந்து படிக்கக் கடைப் பையன்களுக்கு நேரமிருக்காது, பழக் கண்காட்சி, மலர்க் கண்காட்சி வாரத்தில் மலைப்பாதையில் கூரியர் வண்டியும் தாமதமாகத்தான் ஏறும். அது தவறினால் ஆகஸ்டில் அனுப்புங்கள், செப்டம்பர், அக்டோபரில் வருகிற இரண்டாம் சீசனுக்குச் சரியாக இருக்கும். பெட்டியை நல்ல பிளாஸ்டிக் கவரில் சுற்றி அனுப்பாதீர்கள், நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமை, மெழுகுத் தாளும் தடித்த அட்டையும் போதும். உள்ளே காய்களின் எண்ணிக்கை எழுதிய ஒரு சீட்டையும், குறைந்தால் யாரைக் கேட்பது என்பதையும் வைத்துவிடுங்கள்.